தீப்பாதுகாப்புப் படிப்பில் சேருமுன் பம்ப் அறையைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பத்திரிகைகளில் பாடநெறி விளம்பரங்கள் வரிசை கட்டும். ‘ஃபயர் அன்ட் சேஃப்டி’ என்ற பெயரில் வருபவற்றுக்கும் இப்போது குறைவில்லை. மூன்று மாதச் சான்றிதழும் இரண்டு வருட வெளிநாட்டுக் கல்லூரிப் படிப்பும் ஒரே தலைப்பில், ஒரே தலைக்கவசப் படத்தோடு விற்கப்படுகின்றன. பணம் கட்டுமுன் பிள்ளைகளும் பெற்றோரும் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, கொழும்பில் இந்தத் துறையில் கற்பிப்பவர்களும் கட்டடங்களைப் பரிசோதிப்பவர்களுமாகிய நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

தீயணைப்பு வேறு, தீப்பாதுகாப்பு வேறு. 110க்கு அழைத்தால் வண்டியில் வருபவர்கள் செய்வது தீயணைப்பு. அந்த வண்டி வருமுன்னரே கட்டடம் தன்னைத் தானே எப்படிக் காத்துக்கொள்ளும் என்பதைப் படிப்பது தீப்பாதுகாப்பு. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், குழாயில் எவ்வளவு அமுக்கம் வேண்டும், புகையை எந்த டிடெக்டர் முதலில் மோப்பம் பிடிக்கும், வயர் போகும் துளையை எதனால் அடைப்பது என்பனவெல்லாம் இதற்குள் அடங்கும். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் முறை தனி. இந்தப் படிப்பு அதற்கான நுழைவுச்சீட்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இது இரண்டு வருடப் படிப்பு. ஏறத்தாழ 60 கிரெடிட். வேலையில் இருக்கும் தீயணைப்பு வீரர்களும் படிப்பதால் மாலை வகுப்புகளும் நடக்கும். பல கல்லூரிகள் அந்நாட்டுத் தேசிய தீயணைப்புக் கல்விக்கூடத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. தீயின் நடத்தையும் எரிதலும், கட்டட அமைப்பு, தீத்தடுப்பு, தீப்பாதுகாப்புத் தொகுதிகள், அவசர சேவையின் அடிப்படைகள், பணியாளர் பாதுகாப்பு என்று ஆறு பாடங்கள் அதன் அச்சாணி. ரொறன்ரோவில் செனெக்கா கல்லூரி இதையே தீப்பாதுகாப்புப் பொறியியல் தொழில்நுட்பம் என்ற பெயரில் நடத்துகிறது. அங்கே உறவினர் இருக்கும் பிள்ளைகள் அதைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். இங்கே என்றால் தேசிய தொழிற்தகைமையின் (என்.வி.கியூ.) எத்தனையாவது மட்டம் என்று கேளுங்கள். டிப்ளோமா என்று சொல்வதற்கு 5ஆம், 6ஆம் மட்டங்களாக இருக்க வேண்டும். மட்டமே இல்லையென்றால் அது நிறுவனம் தானாக அச்சடித்துக் கொடுக்கும் தாள்.

அடுத்தது, எந்த நாட்டுத் தராதரத்தில் கற்பிக்கிறார்கள் என்பது. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எங்களிடம் வேலைக்கு வரும் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். பாடப் புத்தகங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் புத்தகங்கள். கொழும்புக் கட்டடங்களில் தொங்கும் தீயணைப்புச் சிலிண்டர்கள் பெரும்பாலும் பிரித்தானிய முறையிலானவை. தீயின் வகைகளை எழுத்தால் பிரிக்கும் அமெரிக்க வகைப்படுத்தலில் ‘சி’ என்றால் மின்சாரம் ஓடும் கருவியில் பிடித்த தீ. பிரித்தானிய–ஐரோப்பிய முறையில் அதே ‘சி’ எரிவாயுத் தீ; மின்சாரத்துக்கு அங்கே எழுத்தே கிடையாது. சிலிண்டரில் ‘சி’ என்று கண்டதும் ‘ஆ, கரண்டுக்கும் ஆகும்’ என்று நினைப்பவர் தப்பான முடிவுக்கு வருகிறார். பார்க்க வேண்டியது எழுத்தையல்ல, எத்தனை வோல்ட் வரை, எவ்வளவு தூரத்தில் நின்று பாவிக்கலாம் என்று அச்சிட்ட வரியை. நிறத்திலும் இதே குழப்பம்தான். அமெரிக்கச் சின்னங்களில் நீல வட்டம் மின்சாரத்தைக் குறிக்கும். இங்கே சிவப்புச் சிலிண்டரில் நீலப் பட்டி என்றால் உள்ளே உலர் தூள். கறுப்பு காபனீரொட்சைட்டு, மஞ்சள் சமையல் எண்ணெய்க்கான ஈர இரசாயனம், கிறீம் நிறம் நுரை.

இரண்டு தராதரங்களையும் கலந்தால் கணக்கே புரண்டுவிடும். புறக்கோட்டையில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீலிங்கிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களுக்கான ஐரோப்பியத் தராதரம் ஈ.என். 12845இன்படி கடைத்தொகுதிகள் சாதாரண ஆபத்தின் மூன்றாம் தொகுதியில் வரும். நிமிடத்துக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் (அதாவது சதுர மீற்றருக்கு 5 லீற்றர்), 216 சதுர மீற்றர் பரப்பில், 60 நிமிடம். ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை அதிகபட்சம் 12 சதுர மீற்றரைக் காக்கலாம். 12ஐ 5ஆல் பெருக்கினால் தலை ஒன்றுக்கு நிமிடத்துக்கு 60 லீற்றர். தலையின் கே எண் (அதன் துளை எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைக் காட்டும் எண்) 80 என்றால், 60ஐ 80ஆல் வகுத்து வர்க்கம் எடுக்க வேண்டும். 0.56 பார் அமுக்கம் வருகிறது. 216 சதுர மீற்றரில் 18 தலைகள். மொத்தம் நிமிடத்துக்கு 1,080 லீற்றர். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 65,000 லீற்றர். 6,500 லீற்றர் பவுசரில் பத்து நடை. குழாயில் ஏற்படும் உராய்வு இழப்புக்கும் தலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வுக்கும் இதற்கு மேலும் சேர்க்க வேண்டும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்று கூட்டிக்கொண்டு போனால் பம்பின் அளவு கிடைத்துவிடும்.

அதே கடையை அமெரிக்கத் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தராதரமான என்.எஃப்.பி.ஏ. 13 கொண்டு பார்த்தால், நிமிடத்துக்கு 8.1 மில்லிமீற்றர், ஏறத்தாழ 139 சதுர மீற்றர். தலை ஒன்றுக்கு 97 லீற்றர் அளவில் போகிறது, அமுக்கம் 1.5 பாருக்குக் கிட்ட வருகிறது. முன்னதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். ஒன்றிலிருந்து தலைகளின் இடைவெளியையும் மற்றதிலிருந்து அமுக்கத்தையும் எடுத்து வரைபடம் போட்டால் அந்த வரைபடம் எந்தத் தராதரத்துக்கும் பொருந்தாது. இந்தக் கணக்குக்கு வேண்டியது சாதாரண தரக் கணிதம்தான். வர்க்கம் எடுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறையாவது போட்டுக் காட்டாத பாடநெறி எத்தனையோ இருக்கிறது.

எந்தத் தராதரத்தைப் படிப்பது நல்லது என்று கேட்டால், எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்போம். டுபாய், டோஹா என்று போகிறவருக்கு என்.எஃப்.பி.ஏ. கட்டாயம், வளைகுடாவில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. கொழும்பில் வேலை செய்யப் போகிறவர் பிரித்தானியத் தராதரங்களையும், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிட்ட தீ ஒழுங்குவிதிகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் படிப்பது நல்லதுதான். இரண்டு கொப்பியில் தனித்தனியாகப் படியுங்கள்.

இனி, தலைப்பில் சொன்ன பம்ப் அறை.

ஒரு கட்டடத்தின் தீப்பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பதை நிலக்கீழ் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அறையில் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மூன்று பம்புகள் இருக்கும். மிகச் சிறியது ஜொக்கி பம்ப். குழாய்க் கசிவால் குறையும் அமுக்கத்தை மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பது. பெரியது மின்சார பம்ப். மூன்றாவது டீசல், மின்சாரம் போனால் ஓடுவதற்கு. தொகுதியின் அமுக்கம் 8 பார் என்றால், உதாரணத்துக்கு, 7.5இல் ஜொக்கி, 6.5இல் மின்சார பம்ப், 5.5இல் டீசல் என்று பிரெஷர் சுவிட்சுகளைப் படிப்படியாக வைத்திருப்பார்கள். மாணவர் செய்ய வேண்டிய செய்முறை இதுதான்: கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைப்பிடி ‘ஓட்டோ’வில், அதாவது பம்ப் தானாக ஓடும் நிலையில், இருக்கிறதா என்று பார். அமுக்கத்தைக் குறித்துக்கொள். சோதனை வால்வை மெல்லத் திற. முள் இறங்கும்போது ஒவ்வொரு பம்பும் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று எழுது. ஜொக்கி தானாக நிற்கும்; தீ பம்ப் தானாக நிற்கக் கூடாது, கையால்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் கைப்பிடியை மறுபடி ‘ஓட்டோ’வில் வைத்துவிட்டு வா. இந்தக் கடைசிப் படியை மறப்பவர்களே அதிகம்.

என்னென்ன பழுதாகும்? ஜொக்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு, அல்லது திரும்பாத வால்வு சரியாக மூடவில்லை. சத்தம் தாங்காமல் காவலாளி அதை நிறுத்திவிடுவார். ஜொக்கி நின்றதும் அமுக்கம் மெல்ல இறங்கி ஒரு நாள் நடுச்சாமத்தில் பெரிய பம்ப் தானே ஓடத் தொடங்கும். பயந்துபோய் அதையும் ‘மனுவல்’ ஆக்குவார்கள். அத்தோடு அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் இல்லை. சிவப்புக் குழாய் அலங்காரத்துக்குத்தான். டீசல் எஞ்சினில் பெரும்பாலும் சாவது பற்றரி. வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம் ஓட்டச் சொல்வது எஞ்சின் முழுச் சூட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக. இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். ஓடும்போது தண்ணீர் எங்கும் போகாவிட்டால் பம்பின் கூட்டுக்குள்ளேயே சுழன்று கொதிக்கும். அதனால்தான் மின்சார பம்பின் உடம்பில் ஒரு சின்ன விடுவிப்பு வால்வு சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ‘லீக்’ என்று நினைத்து அதை இறுக்கி அடைத்த கெட்டிக்காரர்களும் உண்டு.

அமெரிக்கப் புள்ளிவிபரங்களில் ஸ்பிரிங்க்ளர் இயங்காமல் போன தீ விபத்துகளுக்கு முதல் காரணமாக வருவது, தொகுதியை யாரோ மூடி வைத்திருந்தது என்பதே. சாமான் பழுதாவது அதற்குப் பிறகுதான். ஒரு மாணவர் தன் கையால் ஒரு வால்வை மூடி, சங்கிலியும் அட்டையும் போட்டு, வேலை முடிந்ததும் திறந்து, திறந்ததை வடிகாலில் தண்ணீர் விட்டு உறுதிசெய்யப் பழகாமல் டிப்ளோமா வாங்கினால் அவர் எதைப் படித்தார்?

ஸ்பிரிங்க்ளர் பற்றிச் சினிமா காட்டுவது தவறு. ஒரு தலை வெடித்தால் எல்லாத் தலையும் கொட்டாது. எந்தத் தலையின் கண்ணாடிக் குமிழ் சூடாகி உடைகிறதோ அது மட்டும் திறக்கும். குமிழின் நிறமே வெப்பநிலையைச் சொல்லும்: செம்மஞ்சள் 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93 பாகை. கொழும்பில் பெரும்பாலும் சிவப்பு. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் 55 பாகை வரை ஏறும் களஞ்சியத்தில் சிவப்பைப் போடக் கூடாது. அந்த இடத்தின் அதிகபட்ச வெப்பத்தைவிட 30 பாகையாவது கூடியதைத் தெரிவுசெய்ய வேண்டும், ஆகவே பச்சை. தலையில் பெயின்ற் பட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். சாமான் அடுக்கு தலைக்குக் கீழே அரை மீற்றரை விட்டு நிற்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் சேலைக் கட்டுகளைச் சீலிங்வரை ஏற்றும் கடைகளில், சுமை தூக்கும் நாட்டாமைமார் கடைசிக் கட்டைப் போடும்போதே அந்தத் தலை குருடாகிவிடுகிறது.

கையில் தூக்கும் தீயணைப்புச் சிலிண்டர் எளிது என்று நினைக்கிறோம். காபனீரொட்சைட்டுச் சிலிண்டரில் அமுக்கமானி கிடையாது. தராசில்தான் பார்க்க வேண்டும். 5 கிலோ சிலிண்டரின் கழுத்தில் வெற்று நிறை 9.8 என்று பொறித்திருந்தால் நிரம்பியது 14.8. பத்து வீதம், அதாவது அரைக் கிலோ குறைந்து 14.3க்குக் கீழே போனால் திரும்ப நிரப்ப அனுப்ப வேண்டும். தராசு கொண்டுவராமல் புதிய ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிவிட்டுப் போகும் ‘சேவிஸ்’காரரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். இந்த வாயு 31 பாகைக்கு மேல் திரவமாக நிற்காது. கொழும்பு வெயிலில் லொறிக்குள் கிடந்தால் உள் அமுக்கம் சட்டென ஏறும். அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது அதனால்தான். வெளியேறும்போது குழலின் கொம்பு உறைந்துபோகும், வெறுங்கையால் பிடித்தால் தோல் கருகும். 6 கிலோ தூள் சிலிண்டரோ 15 விநாடிக்குச் சற்று முன்பின்னாகத் தீர்ந்துவிடும். பதற்றத்தில் சுவாலையின் உச்சியை நோக்கி அடித்தால் அந்தப் பதினைந்தும் வீண். அடியை நோக்கி, இருபக்கமும் வீச வேண்டும். சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலிண்டரை முழுதாக அடித்துப் பார்க்க வாய்ப்பு உண்டா, இல்லை ஒருவர் அடிக்க மற்றவர்கள் போனில் படம் எடுப்பதா என்று கேளுங்கள்.

வடைச்சட்டித் தீ தனி. எண்ணெய் 340, 350 பாகையில் தானாகவே பற்றும். அதில் ஊற்றும் தண்ணீர் அடியில் போய் ஆவியாகி 1,700 மடங்கு விரிந்து எரியும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஈர இரசாயனம் எண்ணெயின் மேற்பரப்பைச் சவர்க்காரமாக மாற்றி மூடிவிடும். வீட்டில் என்றால் அடுப்பை நிறுத்தி மூடி போட்டால் போதும்.

மின்சாரத்தைப் பற்றி விரிவுரையில் கேட்டால் எல்லோரும் ‘ஷோர்ட் சேர்க்கிற்’ என்பார்கள். புறக்கோட்டை மாதிரி இடங்களில் அதைவிட மோசமானது தளர்ந்த இணைப்பு. 15 அம்பியர் உருண்டை முள்ளையும் 13 அம்பியர் சதுர முள்ளையும் அடப்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். ஒரு இணைப்பில் அரை ஓம் தடை உண்டாகி, அதனூடாக 10 அம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 50 வாற் வெப்பம். ஈயம் பற்றவைக்கும் கோல் அளவு. இழப்பு 5 வோல்ட்தான், மின்குமிழ் மங்குவதுகூடத் தெரியாது. ட்ரிப் சுவிட்ச் நிலத்துக்குக் கசியும் மின்னோட்டத்தைத்தான் பார்க்கும். இதை அது காணாது. பிரேக்கரும் விழாது, ஏனென்றால் ஓட்டம் கூடவில்லை. நாற்றமும் செருகியின் கருகிய நிறமும்தான் சாட்சி.

கட்டடப் பாடத்தில் வெளியேறும் கணக்கு வரும். 300 சதுர மீற்றர் கலியாண மண்டபத்தில் கதிரைகளை நெருக்கமாகப் போட்டால், ஆளுக்கு 0.65 சதுர மீற்றர் என்ற அமெரிக்கக் கணக்கில் 461 பேர். சமதளக் கதவுகளுக்கு ஆளுக்கு 5 மில்லிமீற்றர்: மொத்தம் 2.3 மீற்றர் அகலம், குறைந்தது இரண்டு வழிகளில். மண்டபம் மேல்மாடியில் என்றால் படிக்கட்டுக்கு ஆளுக்கு 7.6 மில்லிமீற்றர், மூன்றரை மீற்றர் வரும். பின்படிக்கட்டில் பந்திப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் மண்டபத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. ஏணி ஆறாம் மாடிக்குமேல் எட்டவில்லை. ஆடைத் தொழிற்சாலைகளால் சோறு உண்ணும் நாட்டில் இந்தப் பாடத்தை ஒரு ஸ்லைட்டில் முடித்துவிட முடியாது. பூட்டு, சாவி, கதவு திறக்கும் திசை, கதவுக்கு முன்னால் நிற்கும் பெட்டி என்று ஒவ்வொன்றாக ஒரு உண்மையான தொழிற்சாலையில் நடந்து பார்க்க வைக்க வேண்டும்.

அலாரத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும்: சமையலறையில் புகை டிடெக்டர் போட்டால் தினமும் கத்தும், பிறகு யாரோ பேனலை மௌனமாக்கிவிடுவார்கள், அங்கே வெப்ப டிடெக்டர். பற்றரியைக் கழற்றிவிட்டு மெயின்ஸில் மட்டும் ஓடும் பேனல்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மெயின்ஸை நிறுத்தி 24 மணித்தியாலம் விட்டு, பிறகும் அரை மணி மணியடிக்கிறதா என்பதே சோதனை.

தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அமுக்கம், தடை, ஒட்சிசன், காபனோரொட்சைட்டு என்று நீங்கள் பாடசாலையில் படித்ததெல்லாம் இந்தப் படிப்பின் முதல் பாதிதான். பெயர்தான் ஆங்கிலத்தில் வரும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ், வலப்பக்கம் அந்தச் சாமானின் சின்னப் படம் என்று முதல் தவணையிலேயே ஒரு கொப்பி போட்டுக்கொண்டவர்கள் இரண்டாம் தவணையில் திணறுவதில்லை. பாடநெறி நடத்துபவர்கள் இந்தச் சொற்பட்டியலை மும்மொழியிலும் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

விளம்பரத்திலுள்ள இலக்கத்துக்கு அழைக்கும்போது கட்டணத்தைக் கேட்குமுன் செய்முறைக்கூடத்தை நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். போனால், ஓடும் பம்ப் ஒன்றும், திறந்து மூடக்கூடிய வால்வு ஒன்றும், உண்மையான அலாரம் பேனல் ஒன்றும், ஒரு தராசும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பம்பின் கைப்பிடி ‘ஓட்டோ’விலா ‘மனுவ’லிலா என்றும் ஒரு கண் போடுங்கள்.

இப்படிக்கு,
தீப்பாதுகாப்புப் பாட விரிவுரையாளர்களும் பரிசோதகர்களும் சிலர்,
கொழும்பு 13.